மார்கழி மாலைக்கு எந்தக் கைவேலை: புடவைப் போர்வையா, வயர் கூடையா, குரோஷாவா?

வடசென்னையில் குளிர்காலம் டிசம்பர் நடுவில் தொடங்கி, பொங்கல் பானை இறங்குவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். ஜனவரி இரவுகளின் குறைந்தபட்ச வெப்பம் சராசரியாக 21 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இதைக் குளிர் என்று ஊட்டிக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். ஆனாலும் விடியற்காலையில் மொசைக் தரையில் கால் வைத்தால் சில்லென்று ஏறுகிறது. கோலம் போடப் போகும் ஆயா தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறார். மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடுகிறது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியதும் குடும்பம் மொத்தமும் ஒரே அறைக்குள் வந்து சேர்கிறது. பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை வேறு. கைவேலை தொடங்க வருஷத்தில் இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

எதைத் தொடங்குவது என்பதில்தான் தப்பு நடக்கிறது. யூடியூப் பார்த்துவிட்டுப் பலரும் முதலில் வாங்குவது கம்பளி நூல். பாதி பின்னிய மஃப்ளர் தை மாதம் பரணுக்கு ஏறும். அந்த வீடியோவில் வரும் குளிர் வேறு ஊர்க் குளிர். நம்முடையது குளிரைவிட ஈரம் அதிகமான காலம்; ஒரு மாதம்கூட முழுதாக நிற்பதில்லை. ஆகவே நூல், வயர், துணி எதை வாங்குவதற்கும் முன்னால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தை பிறந்த பிறகும் இந்தப் பொருள் புழங்குமா? ஒரே நேரத்தில் எத்தனை பேர் இதில் கை வைக்கலாம்? குக்கர் விசில் அடித்தால் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போக முடியுமா?

இந்த மூன்றுக்கும் சேர்த்து அதிக மதிப்பெண் வாங்குவது பழைய புடவைப் போர்வை. வங்காளத்தில் காந்தா, வட கர்நாடகத்தில் கவுதி என்று பெயர் பெற்றிருப்பதும் இதே வேலைதான்: நைந்த பருத்தித் துணியை அடுக்கடுக்காக வைத்து ஓட்டுத் தையல் போடுவது. நம் கந்தையும் அந்தக் காந்தாவும் ஒரே வேரில் வந்த சொற்கள். கதகதப்பைத் தருவது துணியின் கனம் அல்ல. அடுக்குகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்று. அதனால்தான் ஒரு தடித்த ஜமக்காளத்தைவிட நான்கு மெல்லிய அடுக்கு சுகமாக இருக்கிறது. இன்னொன்று, இந்தப் பக்கத்து வீடுகளில் மார்கழியிலும் ஃபேன் நிற்காது. நிறுத்தினால் கொசு தூக்கிக்கொண்டு போய்விடும். ஃபேனும் ஓட வேண்டும், போர்வையும் வேண்டும் என்ற நம் விசித்திரத் தேவைக்கு வியர்வையை உறிஞ்சும் பருத்திதான் சரி. பாலியஸ்டர் ரஜாய் நள்ளிரவில் உதைத்துத் தள்ளப்படும்.

முதல்முறை செய்பவர்கள் குழந்தைப் போர்வையில் தொடங்குவது நல்லது. கணக்கு எளிது. புடவை ஐந்தரை மீட்டர். நீளவாக்கில் நான்காக வெட்டினால் ஒரு துண்டு 1.35 மீட்டருக்குச் சற்று மேல். அகலம் புடவையின் அகலமே, சுமார் 1.15 மீட்டர். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே புடவையில் நான்கு அடுக்குப் போர்வை. மிச்சத் துணி கிடையாது. எடை அரை கிலோவை ஒட்டி வரும். ஐந்தாறு வயது வரை காலோடு தலை மூடும்.

பெரியவர்களுக்கு மூன்று புடவை வேண்டும். ஒவ்வொன்றிலும் 2.25 மீட்டரில் இரண்டு துண்டு வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தால் 2.25-க்கு 2.25 என்று ஒரு சதுர அடுக்கு. மூன்று சதுரங்கள், மூன்று அடுக்குகள். நடு அடுக்கை மட்டும் கால் சுற்று திருப்பிப் போட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் மூன்று சேர்ப்புத் தையலும் ஒரே இடத்தில் விழுந்து, போர்வையின் நடுவே முதுகெலும்புபோல் மேடு ஓடும். ஒவ்வொரு புடவையிலும் ஒரு மீட்டர் மிஞ்சும்; தலையணை உறைக்கு ஆகும்.

துணி தேர்வில் கறாராக இருக்க வேண்டும். முழுப் பருத்தி மட்டும். ஓரத்தில் ஒரு இழையை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும்: பருத்தி காகித வாடையோடு எரிந்து சாம்பலாகும், செயற்கை இழை உருகி உருண்டையாகும். ஒரு அடுக்கு செயற்கையாக இருந்தாலும் அது வழுக்கிக்கொண்டே போய்ப் போர்வையைக் கோணலாக்கும். அகலமான கரையை வெட்டி எடுத்துவிட வேண்டும். உடல் பகுதியைவிட நெருக்கமாக நெய்யப்பட்டது, துவைக்கும்போது வேறு மாதிரி சுருங்கும். வெட்டிய கரையை வீசாதீர்கள். நாலு ஓரத்துக்கும் பட்டி கட்ட அதைவிட உறுதியான துணி கடையில் கிடைக்காது. ஜரிகை இருந்தால் பிரித்துவிடுங்கள், கன்னத்தைக் கீறும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது இங்கே நேரடியான செய்முறைக் குறிப்பு. வெந்நீரில் நன்றாகத் துவைத்துக் கஞ்சி முழுதும் போக வேண்டும். கஞ்சி இருந்தால் ஊசி நான்கு அடுக்கில் இறங்காது; பின்னால் கரப்பானும் தேடி வரும். சிவப்பு, மெரூன், அடர் நீலம் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தப் புடவை வேண்டாம். பிறகு வெளிச்சத்தில் பிடித்து நைந்த இடங்களைப் பார்க்க வேண்டும். கொசுவம் உரசும் கீழ் ஓரமும் குதிகால் மிதிபடும் இடமும்தான் முதலில் போகும். அவை ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி துண்டுகளை மாற்றி மாற்றி வைத்தால் ஒரு அடுக்கின் பலவீனத்தை அடுத்தது தாங்கிக்கொள்ளும்.

குழந்தைப் போர்வையை விரிப்பதற்குத் தரையில் ஒரு ஆள் படுக்கும் இடம் போதும். ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தள்ளிச் சுருக்கம் எடுத்து, மூலைக்கு ஒரு கனம் வையுங்கள். அம்மிக் குழவி, அரிசி டப்பா எதுவானாலும் சரி. இப்போதே அழகான தையலில் இறங்கிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. முதலில் வேறு நிற நூலில், விரல் நீளத்துக்குத் தளர்வான தையலாக நடுவில் ஒரு சிலுவை. அதிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் ஓரம் வரை. இது கடைசியில் உருவி எறியப்போகும் தையல். ஆனால் இது இல்லாவிட்டால் மேல் அடுக்கு ஒரு பக்கம், கீழ் அடுக்கு ஒரு பக்கம் என்று நடந்து, முடிக்கும்போது ஓரத்தில் நான்கு விரல் வித்தியாசம் நிற்கும். அப்புறம் பிரிக்கத்தான் வேண்டும்.

நிஜத் தையலும் நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். குழந்தைப் போர்வைக்கு வரிசைகளுக்கு இடையே 4 சென்டிமீட்டர், தையல் ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர். சுமார் 28 வரிசை வரும். மொத்தத் தையல் 38 மீட்டர். முடிச்சு, வீணாவது எல்லாம் சேர்த்து 50 மீட்டர் நூல் வைத்துக்கொள்ளலாம். தடித்த பருத்தி நூல் வேண்டும். மிஷினுக்குப் போடும் பாலியஸ்டர் நூல் நைந்த துணியைவிட வலுவானது. துவைக்கத் துவைக்க அதுவே துணியை அறுத்துவிடும். இரண்டு முழத்துக்கு மேல் நூல் கோத்தால் சிக்கும். பத்துத் தையலுக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்து, அடி அடுக்கையும் ஊசி பிடித்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நூலைச் சுண்டி இழுத்தால் துணி சுருங்கும். லேசான சுருக்கம் அழகு, வரிசை முழுதும் குறுகிவிட்டால் போர்வையின் அளவே குறையும். ஒரு வரிசைக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும் ஏழு மணி நேர வேலை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நடுவிலிருந்து ஆளுக்கொரு பக்கமாகப் போனால் தினம் ஒரு மணி நேரத்தில் நான்கே மாலை. பெரிய போர்வைக்கு 6 சென்டிமீட்டர் இடைவெளி போதும். அப்படியும் ஒற்றை ஆளுக்கு இரண்டு வாரம் ஓடும்.

குறை இல்லாமல் இல்லை. தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஊசி பெரிய கவலை. எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, டப்பாவில் போட்டு மூடிய பிறகுதான் பாய் விரிக்க வேண்டும். இரண்டாவது, காயும் நேரம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரத் தெருக்களில் மொட்டை மாடியில் மாலை வரை கிடந்த துணி பிசுபிசுக்கும். காற்றில் வரும் உப்பு துணியில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதுதான் காரணம். காலை ஒன்பது மணிக்கு மேல் போட்டு, நான்கு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். ஆலைகள் நிறைந்த மணலி, எண்ணூர்ப் பக்கம் என்றால் கொடியில் மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிக் காயவைப்பது நல்லது. தூசி வேட்டியோடு போகும். மூன்று புடவைப் போர்வை நனைந்தால் ஒருவர் தூக்கிப் பிழிவது சிரமம். இந்தக் காரணத்துக்காகவே ஐந்து, ஆறு அடுக்கு என்று ஆசைப்படக் கூடாது. உள்ளே ஈரம் தங்கினால் வரும் பூஞ்சை வாடை எத்தனை சோப்பு போட்டாலும் லேசில் போகாது.

வயர் கூடை இதற்கு நேர் எதிரான சரக்கு. குளிருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வருஷம் முழுதும் புழங்கும், ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு, கடைக்குப் போகக் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும். மஞ்சள் பை காய்கறிக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து மீன் வாங்கி வந்த துணிப்பையை என்ன செய்வது? வயர் கூடை என்றால் குழாயடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் முடிந்தது.

நடுத்தரக் கூடைக்கு இரண்டு மூன்று கட்டு வயர் பிடிக்கும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் போனால் அதே பச்சை வேறு பச்சையாக இருக்கும். சாதா முடிச்சில் பழகாமல் நேராக சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று தாவ வேண்டாம். வெட்டிய துண்டுகள் ஒரு திசையிலும், கட்டிலிருந்து வெட்டாமல் வரும் ரன்னிங் வயர் மறு திசையிலும் ஓடி, சந்திக்கும் இடமெல்லாம் முடிச்சு விழுவதுதான் அடிப்படை. துண்டை எவ்வளவு நீளம் வெட்டுவது என்பதில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். யாரோ சொன்ன அளவு உங்கள் கைக்குப் பொருந்தாது. ஒருவர் இறுக்கிப் போடுவார், ஒருவர் தளர. மிச்ச வயரில் பத்து முடிச்சு போட்டு எவ்வளவு நீளம் தின்றது என்று அளந்து, கூடைக்கு வேண்டிய முடிச்சுக் கணக்கால் பெருக்குங்கள். முனையைச் சொருக ஒவ்வொரு பக்கமும் அரை அடி கூட்டிக்கொள்ளுங்கள். நீளம் மிஞ்சினால் வெட்டலாம். குறைந்தால் நடுவில் ஒட்டுப் போட்ட இடம் என்றைக்கும் துருத்திக்கொண்டு நிற்கும்.

கூடை ஒரு பக்கம் சாய்கிறது என்றால் பக்கச் சுவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடிப்பாகம் சதுரமாக வரவில்லை. அடி முடிந்ததும் தரையில் வைத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூல் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பார்த்துவிட்டு மேலே ஏற வேண்டும். இரண்டு பேர் மாறி மாறிப் போட்ட கூடையில் இறுக்கம் மாறிய கோடு அப்பட்டமாகத் தெரியும். இதுதான் வயர் கூடையின் பெரிய குறை: முடிச்சு போடுவது ஒரே ஒரு ஆள். மற்றவர்களுக்கு வயர் வெட்டுவது, சிக்கெடுப்பது, நிறம் சொல்லி சண்டை போடுவது. முதலில் அறுவது எப்போதும் கைப்பிடிதான், அதனால் உள்ளே கொடுக்கும் வயரில் கஞ்சத்தனம் கூடாது. முனைகளை உள்பக்கம் நான்கு முடிச்சு தாண்டிச் சொருகுங்கள். இரண்டோடு நிறுத்தினால் பாரம் ஏறியதும் உருவிக்கொண்டு வரும். நாள்பட்ட வயர் விறைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்தால் வளையும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விரல் வலிக்கும், கட்டாயப்படுத்த வேண்டாம்.

கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷா மூன்றாவது கேள்விக்கு மட்டும் முதல் பரிசு வாங்கும். கொக்கியை வளையத்தில் அப்படியே விட்டு எழுந்து போகலாம், பெரம்பூரிலிருந்து பேருந்தில் போகும்போதும் பின்னலாம், ஒரு கைப்பைக்குள் எல்லாம் அடங்கும். கெட்டுப்போனால் ஒரு இழுப்பில் பிரித்துத் திரும்பத் தொடங்கலாம். வேறு எந்தக் கைவேலையிலும் தவறு இவ்வளவு மலிவு இல்லை. ஆனால் நம் ஊருக்கு என்ன பின்னுவது? பழைய வீடுகளில் டிவி மேல் பூப்பூவாய் ஒரு விரிப்பு கிடக்கும். இப்போது டிவிக்கு மேல்பக்கமே இல்லை.

உருப்படியாகப் பயன்படுவது பெரியவர்களுக்கான காது மூடும் தொப்பி. விடியலில் கோலம் போடவும் கோயிலுக்குப் போகவும் ஒரு மாதம் முழுதும் தலையில் இருக்கும். 4 மி.மீ. கொக்கி, 80 முதல் 100 கிராம் நூல். தலைச் சுற்றளவு 56 சென்டிமீட்டர் என்றால் தொப்பியை 53-க்குப் பின்ன வேண்டும், பின்னல் இழுத்துக் கொடுக்கும். 53-ஐ 3.14-ஆல் வகுத்தால் 17. உச்சியின் வட்டத் தட்டு 17 சென்டிமீட்டர் விட்டம் வரும்வரை அமெரிக்கக் கணக்கு டபுள் குரோஷாவில் சுற்றுக்கு 12 கண்ணி என்று கூட்டிக்கொண்டு போய் (12, 24, 36, 48), பிறகு கூட்டாமல் நேராக இறங்கவேண்டியதுதான். தட்டின் ஓரம் அலை அலையாக நெளிந்தால் அதிகம் கூட்டிவிட்டீர்கள். கிண்ணம்போல் குழிந்தால் குறைவு. வீடியோவில் சொல்லும் டபுள் குரோஷா அமெரிக்கக் கணக்கில் ஒன்று, பிரிட்டிஷ் கணக்கில் அதைவிடக் குட்டையான வேறொன்று. இது தெரியாமல் பின்னினால் தொப்பி பாதி உயரத்தில் நிற்கும், காரணமும் புரியாது.

நம் கடைகளில் கம்பளி நூல் என்று பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அதைப் போட்டுக்கொண்டு அடுப்பருகே நிற்கக் கூடாது. கைக்குழந்தைக்குப் பின்னினால் பருத்தி நூலில் பின்னுங்கள், 40, 50 கிராம் போதும். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். குழந்தை உடம்புச் சூட்டை வெளியேற்றுவதில் தலைக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊர் அறைக்குள் அது மூடியே கிடந்தால் சூடு கூடிப்போகும்.

நான்கு ஐந்து பிள்ளைகள் கூடிவிட்டால், ஒரே மாலையில் முடிகிற வேலையாக நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. ராயபுரம், பெரம்பூர்த் தெருக்களில் டிசம்பரில் அது தொங்காத வரிசை அரிது. தொங்கவிட மதம் பார்ப்பவர்களும் குறைவு. இரண்டடி மூங்கில் பிளாச்சு பத்து வேண்டும். ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டினால் ஒரு நட்சத்திரம், அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஐந்து முனையிலும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளே குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் ஐந்து அங்குலக் குச்சியை நிறுத்தினால் வயிறு உப்பிக்கொள்ளும். சாதாரண வண்ணக் காகிதம் பனியில் ஊறித் தொய்ந்துவிடும்; கண்ணாடிக் காகிதம் ஒட்டுங்கள். மைதாப் பசைக்கு எலி வரும். உள்ளே குண்டு பல்பு கூடவே கூடாது, எல்இடி மட்டும். பிளாச்சின் ஓரத்தைப் பெரியவர் ஒருவர் சீவிக் கொடுத்தாக வேண்டும், விரலில் சிலாம்பு ஏறும்.

ஆக, வீட்டைப் பார்த்துத்தான் முடிவு. ஆயாவும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து இருக்கும் வீடு என்றால் யோசிக்காமல் போர்வை: பெரியவர் கண் பார்வைக்கு ஏற்றபடி தளர்வான தையலை அவரிடம் கொடுத்து, நெருக்கமான வரிசைகளை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நைட் ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் என்று ஆளாளுக்கு ஒரு நேரத்தில் வீடு திரும்பும் குடும்பத்தில் அது நடக்காது; விரித்த போர்வை ஒரு வாரம் தரையை அடைத்துக்கொண்டு கிடக்கும், அங்கே வயர் கூடைதான் சரி. கையில் நாலு காசு பார்க்க வேண்டும் என்றாலும் கூடைதான். வளைகாப்பு, கல்யாணத் தாம்பூலம் என்று சின்னக் கூடைக்கு ஆர்டர் வரும். ஆனால் வயர் விலையை மட்டும் கூட்டிப் பார்த்து விலை சொல்லிவிடாதீர்கள், ஒரு கூடைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று முதலில் எழுதி வையுங்கள். தனியாக இருப்பவருக்கும் தினம் ஒரு மணி நேரம் பேருந்தில் உட்காருபவருக்கும் குரோஷா. தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கும் அதையே சொல்லலாம். கொக்கி தரையில் விழுந்தாலும் கண்ணில் படும், தையல் ஊசி படாது.

போர்வை என்று முடிவானால் நாள் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. பழைய துணி மூட்டை பரணிலிருந்து இறங்குவது போகிக்கு முந்தின நாள், மறுநாள் விடியலில் அது தெருவுக்குப் போய்விடும். ஆகவே வெள்ளையடிக்கும் வரை காத்திருக்காமல் அரையாண்டு விடுமுறை தொடங்கும்போதே மூட்டையைப் பிரித்து, முழுப் பருத்திப் புடவைகளை மட்டும் தனியே எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டுவிடுங்கள். காய்வதற்கே இரண்டு நாள் பிடிக்கும்.